துண்டு தலைக்கா, தோளுக்கா?



ஒரு சாதாரணத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறோமே, அதே துண்டுதான். மருத்துவமனையின் அறுவை அரங்கில் அதை நான்காக மடித்து வைத்திருக்கிறார்கள். மேசைமீது ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. இனி அவருடைய வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்த வேண்டும். மருத்துவர் குரல்வளையைக் கண்ணால் பார்த்தபடி அதைச் செலுத்துவார். அதற்கு வசதியாக அந்தத் துண்டை எங்கே வைப்பது? தலைக்குக் கீழேயா, தோளுக்குக் கீழேயா?

"இது ஒரு கேள்வியா? தலைக்குக் கீழேதான்" என்று நீங்கள் சொல்லலாம். படுத்திருப்பவர் உங்கள் அப்பாவாக இருந்தால் அந்த விடை சரி. உங்கள் ஆறு மாதத் தம்பியாக இருந்தால் அதே விடை தவறாகிவிடும்! அவனுக்குத் துண்டு பெரும்பாலும் தோளுக்குக் கீழேதான் போக வேண்டும்.

ஒரே வேலை, ஒரே துண்டு, ஆனால் இரண்டு விடைகள். ஏன் அப்படி? இந்தக் கேள்விக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. அதோடு, நம் பள்ளிப் பாடங்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் உண்டு. இரண்டையும் உங்களிடம் சொல்லவே இக்கட்டுரை.

வளைந்த பாதை

மூக்கும் வாயும் முகத்தின் முன்புறம் இருக்கின்றன. மூச்சுக்குழலோ கழுத்தின் வழியாக நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஆகவே காற்று போகும் பாதை நேரானதன்று. வாயில் கிடைமட்டமாகத் தொடங்கித் தொண்டையில் கீழ்நோக்கித் திரும்புகிறது. இந்தத் திருப்பத்துக்குக் கீழேதான் குரல்வளை இருக்கிறது. அதற்குப் பின்னாலேயே உணவுக்குழலின் வாய் இருக்கிறது. குழாய் தவறி உணவுக்குழலுக்குள் போனால் காற்று நுரையீரலுக்குப் போகாது, வயிற்றுக்குப் போய்விடும்.

எனவே மருத்துவர் லாரிங்கோஸ்கோப் என்னும் விளக்குக் கருவியால் நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைப் பார்க்கிறார். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். கண்ணிலிருந்து குரல்வளை வரை ஒரு நேர்கோடு கிடைத்தால்தான் பார்க்க முடியும். வளைந்த பாதையில் அந்த நேர்கோட்டைப் பெறுவதற்குத் தலையையும் கழுத்தையும் தக்கபடி அமைக்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள்? தலைக்குக் கீழே 7 முதல் 10 செ.மீ. உயரமுள்ள தலையணையை வைக்கிறார்கள். கழுத்து சற்று முன்னோக்கி வருகிறது. பிறகு முகத்தை மட்டும் மெல்லப் பின்னோக்கிச் சாய்க்கிறார்கள். விடியற்காலையில் சன்னல் வழியே மல்லிகை மணம் வந்தால் தலையை முன்னே நீட்டி, முகத்தை நிமிர்த்தி முகர்ந்து பார்ப்போம் அல்லவா? ஏறக்குறைய அதே நிலைதான். மருத்துவர்களும் இதை 'முகரும் நிலை' என்றே அழைக்கிறார்கள்.

குழந்தையின் கணக்கு வேறு

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிறந்த குழந்தையின் நீளம் சுமார் 50 செ.மீ. அதில் தலை மட்டும் கால் பங்கு, அதாவது 12 செ.மீ.க்குச் சற்று அதிகம். வளர்ந்தவருக்குத் தலை உடல் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். 168 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குக் குழந்தையின் விகிதத்தில் தலை இருந்தால் அது 42 செ.மீ. உயரம் இருக்கும். தோள்மேல் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்காதா?

இன்னொரு அளவையும் பாருங்கள். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. மார்புச் சுற்றளவோ அதைவிட ஓரிரு செ.மீ. குறைவு. ஆம், நெஞ்சைவிடத் தலை பெரிது! அந்தத் தலையிலும் பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட குழந்தையைச் சமதரையில் மல்லாத்திப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? புடைத்த பின்மண்டை தரையில் முட்டித் தலையை மேலே தூக்குகிறது. சிறிய முதுகும் தோளும் தாழ்ந்து கிடக்கின்றன. தலை முன்பக்கம் கவிழ்ந்து, தாடை மார்பை நோக்கிப் போகிறது. தலையணை எதுவும் இல்லாமலேயே, தலைக்குக் கீழே தலையணை வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. இயற்கையே ஒரு தலையணையை மண்டையோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறது எனலாம்.

அதன் மேல் நாமும் ஒரு துண்டை வைத்தால் கழுத்து இன்னும் மடங்கும். சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு கிடைத்தால் எடுத்து ஊதிப் பாருங்கள். பிறகு அதை மடக்கிக்கொண்டு ஊதுங்கள். வேறுபாடு தெரியும். குழந்தையின் மூச்சுப் பாதையும் மென்மையானது. கழுத்து அதிகம் முன்னே மடங்கினாலும் பாதை நெருக்கப்படும். அளவுக்கு மீறிப் பின்னே வளைத்தாலும் நெருக்கப்படும்.

வேறு சில வேறுபாடுகளும் உண்டு. குழந்தையின் நாக்கு வாயின் அளவுக்குப் பெரியது. குரல்வளை, கழுத்தெலும்புகளில் மூன்றாவது, நான்காவது எலும்புகளின் மட்டத்தில் உயரமாக இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது ஐந்தாவது, ஆறாவது எலும்புகளின் மட்டத்துக்கு இறங்கியிருக்கும். குரல்வளை மூடியும் குழந்தைக்கு நீண்டும் துவண்டும் இருக்கும்.

ஆகவே கைக்குழந்தைக்கு மடித்த துண்டு தோளுக்குக் கீழே போகிறது. அது உடலைச் சற்று உயர்த்தித் தலையை நேர்நிலைக்குக் கொண்டுவருகிறது. சற்று வளர்ந்த குழந்தைக்குச் சில நேரம் துண்டே வேண்டியதில்லை. பெரிய பையனுக்கோ பெண்ணுக்கோ சிறு தலையணை தேவைப்படலாம். வளர்ந்தவருக்கு முழுத் தலையணை வேண்டும்.

இத்தனைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டா? உண்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் காதுத் துளையும் நெஞ்செலும்பின் உச்சியிலுள்ள குழியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முகம் கூரையை நோக்கியிருக்க வேண்டும். எல்லா வயதினருக்கும் குறி இதுதான். துண்டை எங்கே வைப்பது, எவ்வளவு தடிமனாக வைப்பது என்பதை அந்த உடலின் அளவுதான் முடிவு செய்கிறது. நல்ல விதி என்றால் இப்படி இருக்க வேண்டும். "துண்டைத் தலைக்குக் கீழே வை" என்பது வெறும் கட்டளை. "காதையும் நெஞ்சுக் குழியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவா" என்பதோ காரணத்தோடு கூடிய அறிவு.

ஒரு மில்லிமீட்டரின் விலை

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் புவாசெயி கண்ட விதியைக் கொண்டு பார்ப்போம். குழாயில் சீராக ஓடும் பாய்மத்துக்கு ஏற்படும் தடை, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. அதாவது, ஆரம் பாதியானால் தடை 2 மடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது!

குழந்தையின் மூச்சுப் பாதையில் 4 மி.மீ. விட்டமுள்ள ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். தடை 16 மடங்கு. வளர்ந்தவரின் 8 மி.மீ. பாதையில் அதே 1 மி.மீ. வீக்கம் வந்தால் விட்டம் 6 மி.மீ. ஆகும். தடை சுமார் 3 மடங்குதான். நீங்களே கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். பல முறை முயன்று தொண்டையைப் புண்ணாக்காமல், முதல் முறையிலேயே குழாயைச் சரியாகச் செலுத்துவது குழந்தைக்கு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். அதோடு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் கைக்குழந்தை நம்மைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. மூச்சு நின்றால் அதன் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும்.

குழாய் உள்ளே போனபின்னும் தலையை மறந்துவிட முடியாது. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் சுமார் 4 செ.மீ. நீளமே உள்ளது. தலையைக் குனிய வைத்தால் குழாயின் நுனி கீழே இறங்குகிறது. நிமிர்த்தினால் மேலே ஏறுகிறது. மூக்கு போகும் திசையில் குழாயும் போகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதிகம் இறங்கினால் அது ஒரு பக்க நுரையீரலுக்குள், பெரும்பாலும் வலப்பக்கம், போய்விடும். அதிகம் ஏறினால் வெளியே வந்துவிடும். 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள வளர்ந்தவரின் மூச்சுக்குழலில் ஒரு செ.மீ. சிறிய தொலைவு. 4 செ.மீ.யில் அது கால் பங்கு!

அளந்து பார்த்தவர்கள்

இந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1880-களில் நியூயார்க் நகரில் ஜோசப் ஓ'டுவயர் என்ற மருத்துவர் இருந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் குழந்தைகளின் குரல்வளைக்குள் பொருந்தும் சிறு உலோகக் குழாய்களை அவர் உருவாக்கினார். குழந்தையைப் போர்வையால் சுற்றித் தாதியின் மடியில் நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். மருத்துவர் விரலால் தடவிப் பார்த்துக் குழாயைச் செலுத்துவார். ஓ'டுவயர் ஒரே குழாயை எல்லாருக்கும் பயன்படுத்தவில்லை. வயதுக்கு ஏற்றபடி வெவ்வேறு அளவுக் குழாய்களையும், எந்த வயதுக்கு எது என்று காட்டும் ஓர் அளவுகோலையும் வைத்திருந்தார். குழந்தையை அளந்து, அதற்குத் தக்க கருவியைச் செய்தார்.

அளக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விபத்தில் கழுத்தெலும்பு அடிபட்டவர்களைச் சமமான பலகையில் படுக்க வைத்துத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வார்கள். கழுத்து அசையக் கூடாது என்பது நோக்கம். 1989-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சிலர், கழுத்தில் அடிபட்ட ஏழு வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பலகையில் படுத்த குழந்தைகளின் கழுத்து முன்னோக்கி மடங்கியிருந்தது! பெரிய தலையே அதற்குக் காரணம். காப்பாற்ற வந்த பலகையே தீங்கு செய்யக்கூடியதாகிவிட்டது. பலகையில் தலைக்குப் பள்ளம் அமைக்கலாம், அல்லது உடலுக்குக் கீழே மெத்தை விரித்து உயர்த்தலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். நம் துண்டின் கதைதான் இதுவும்.

பெரியவர்கள் வரைந்து வைத்த படமாயினும் அளந்து பார்க்கத்தான் வேண்டும். 1944-இல் பானிஸ்டர், மேக்பெத் என்னும் இங்கிலாந்து மருத்துவர்கள், முகரும் நிலையில் வாய், தொண்டை, குரல்வளை ஆகிய மூன்றின் அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன என்று விளக்கினார்கள். அழகான விளக்கம்! பல பாடநூல்களில் அந்தப் படம் இடம்பெற்றது. 2001-இல் அட்னே என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டுத் தொண்டர்களைக் காந்த அதிர்வுப் படக் கருவியில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். எந்த நிலையிலும் மூன்று அச்சுகளும் ஒரே கோட்டில் வரவில்லை! அதே ஆண்டில் 456 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தலையை வெறுமனே பின்னே சாய்ப்பதைவிட முகரும் நிலை பொதுவாக மேலானதாகத் தெரியவில்லை. உடல் பருத்தவர்களுக்கும் கழுத்தை நன்கு நிமிர்த்த முடியாதவர்களுக்கும் மட்டும் அது உதவியது. முகரும் நிலையை மருத்துவர்கள் கைவிட்டுவிடவில்லை. ஆனால் அது ஏன் உதவுகிறது, யாருக்கு உதவுகிறது என்ற கேள்வி மறுபடியும் திறந்துகொண்டது. இவை வளர்ந்தவர்களிடம் செய்த ஆய்வுகள் என்பதையும் கவனியுங்கள். இவற்றின் விடையை அப்படியே சுருக்கிக் குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது.

என் கருத்து

நான் பள்ளியில் படித்தபோது முதலுதவி வகுப்பு நடந்தது. ஒரு மாணவனைப் பெஞ்சின்மீது படுக்க வைத்து, நெற்றியில் கைவைத்துத் தலையை நன்றாகப் பின்னே சாய்த்துக் காட்டினார்கள். "கைக்குழந்தைக்கும் இப்படித்தானா, ஐயா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாம், குழந்தை சின்னதுதானே? கொஞ்சம் மெதுவாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்" என்று விடை வந்தது. ஆசிரியரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த விடை தவறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தலையைப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் பின்னே சாய்க்கக் கூடாது. முகம் நேராகக் கூரையைப் பார்க்கும்படி வைத்து, தாடை எலும்பை விரல் நுனியால் மெல்ல உயர்த்தினால் போதும். தாடைக்குக் கீழேயுள்ள மென்மையான சதையை அழுத்தவும் கூடாது.

நான் பார்த்த பாடப் படங்களில் பெரும்பாலானவை வளர்ந்தவரின் உடலைத்தான் காட்டுகின்றன. சுவாச மண்டலம் என்றால் ஒரு பெரியவர், எலும்புக்கூடு என்றால் ஒரு பெரியவர். மாணவரும் குழந்தை என்பது அந்தப் படத்தைச் சிறிதாக்கியது என்று எண்ணிக்கொள்கிறார். அது பெரும் பிழை. குழந்தை ஒரு சிறிய பெரியவர் அல்ல. அதன் விகிதங்களே வேறு. சுவாச மண்டலப் பாடத்தில் வளர்ந்தவரின் படத்துக்குப் பக்கத்தில் கைக்குழந்தையின் படமும் அதன் அளவுகளோடு இடம்பெற வேண்டும். பள்ளி முதலுதவி வகுப்பில் குழந்தை பொம்மையும் இருக்க வேண்டும். இதுவே என் கருத்து.

"குழாய் செலுத்துவது மருத்துவர் வேலை. பள்ளி மாணவருக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். குழாய் செலுத்துவது மருத்துவர் வேலைதான். ஆனால் தலையைச் சரியான நிலையில் வைப்பது, மருத்துவர் வரும்வரை பக்கத்தில் இருப்பவரின் வேலை. நம் வீடுகளில் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்ப்பதில் பாதி நீங்கள்தானே? தூங்கும் கைக்குழந்தைக்குத் தலையணை வைக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதன் காரணங்களுள் ஒன்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். தூளியிலோ மடியிலோ கிடக்கும் குழந்தையின் தாடை மார்பில் புதைந்திருந்தால் உடனே சரிசெய்ய உங்களுக்குத் தெரியும். இதற்குப் பட்டம் தேவையில்லை. காரணம் தெரிந்தால் போதும்.

இங்கே சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். தோளுக்குக் கீழே துண்டு வைப்பது மருத்துவர் கண்காணிப்பில் செய்யும் முறை. வீட்டில் தூங்கும் குழந்தைக்கு அப்படிச் செய்யாதீர்கள். நினைவிழந்து கிடக்கும் பெரியவரின் தலைக்குக் கீழே தலையணையைத் திணிக்காதீர்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், மேலும் ஆபத்து வரும் இடத்தில் இருந்தாலொழிய, அவரை அசைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு நண்பரைத் தலையணை இல்லாமல் சமதரையில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து, காதுத் துளையும் நெஞ்சுக் குழியும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைக்குக் கீழே பாடப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்து மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். புத்தகங்களின் மொத்தத் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு நண்பர்கள், தொடக்கப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள், வீட்டுப் பெரியவர்கள் ஆகியோரிடமும் அளந்து, வயதை ஓர் அச்சிலும் தடிமனை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கைக்குழந்தையை மட்டும் தொட வேண்டாம். பாயில் படுத்திருக்கும்போது அதன் தாடை எங்கே போகிறது என்று அம்மாவின் அருகில் அமர்ந்து பார்த்தால் போதும்.

வயது குறையக் குறைய உங்கள் வரைபடத்தின் கோடு எப்படிப் போகிறது? சுழியைத் தொடும் இடம் ஒன்று வருமா? அதற்குக் கீழும் அது இறங்கினால், துண்டு தலையை விட்டுத் தோளுக்கு இடம் மாறிவிட்டது என்று பொருள்! வரைந்த படத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த முதலுதவி வகுப்பில், "கைக்குழந்தைக்கும் இப்படித்தானா?" என்று நீங்களும் கேளுங்கள்.